கருத்தும் பாட்டும்: மாணவர் பாடலியற்றும் போட்டிகளைப் பற்றி ஒரு நோக்கு

நம் தமிழ்ப்பள்ளிகளில் நடைபெறும் போட்டிகளுள் பெரும்பாலானவை பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்லும் போட்டிகளே. கவிதை ஒப்புவித்தலில் பாவலரின் சொல்லை மாணவர் சொல்கிறார். திருக்குறள் மனனப் போட்டியில் வள்ளுவரின் சொல்லைச் சொல்கிறார். பேச்சுப் போட்டியில் பல வேளைகளில் ஆசிரியர் எழுதித் தந்ததைச் சொல்கிறார். பாடலியற்றும் போட்டியோ இவற்றினின்றும் வேறுபட்டது. அங்கே மாணவர் தம் சொல்லைத் தாமே தேடித் தாமே கட்டவேண்டும். ஆதலின் அப்போட்டியை ஆண்டு விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக மட்டும் கருதி விட்டுவிடுதல் தகாது. அங்கே பிறக்கும் பாடல்களையும் இலக்கிய ஆக்கங்களாகவே கொண்டு, நிறை குறைகளை ஆராய்வது ஆசிரியராகிய நம் கடமையாகும்.

அண்மைக் காலத்தில் இப்போட்டிகளுக்குத் தரப்படும் தலைப்புகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஆற்றைக் காத்தல், மரம் வளர்த்தல், நெகிழியைத் தவிர்த்தல் போன்ற சுற்றுச்சூழல் தலைப்புகள் ஒரு வகை. மது, போதைப்பொருள், குண்டர் கும்பல், முதியோரைப் பேணுதல் போன்ற சமுதாயத் தலைப்புகள் மற்றொரு வகை. தலைப்புகள் நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நல்ல கருத்து அமைந்துவிட்டால் நல்ல பாட்டு அமைந்துவிடும் என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தையே இக்கட்டுரை ஆராய விழைகின்றது.

‘வோம்’ என்னும் முடிவும் ‘மனிதா’ என்னும் விளியும்

நடுவராக அமர்ந்து கேட்ட பாடல்களின் பொதுச் சாயலைக் காட்டுதற்காக நானே ஒரு பல்லவியைக் கட்டித் தருகிறேன்:

மரங்கள் நட்டு வளர்ப்போம்
மண்ணின் மாண்பைக் காப்போம்
மாசில் லாத உலகை
மனிதா நாமே படைப்போம்

மோனை இருக்கிறது, ஓசையும் ஒருவாறு ஓடுகிறது. எழுத்துப் பிழை இல்லை. பத்துப் பள்ளிகள் கலந்துகொண்டால், இதன் உடன்பிறப்புகளை எட்டுப் பள்ளிகளிலேனும் கேட்கலாம். ஆயினும், பாட்டு முடிந்த பின்னர் எந்த மரம் என்று கேட்டால் விடை இல்லை. எந்த மண், யார் மாசு செய்தார், படைக்கப்போகும் ‘நாம்’ யாவர் என்று கேட்டாலும் விடை இல்லை.

இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் குறை இன்னும் தெளிவாகும். வளர்ப்போம், காப்போம், படைப்போம் ஆகியன தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்றுகள். எதிர்காலம் என்பது இன்னும் நிகழாதது. பன்மை என்பது பொறுப்பைப் பலர்மேல் பகிர்ந்து விடுவது. இவ்விரண்டும் சேர்ந்த வினைமுற்றில் இன்று நடப்பதும் இல்லை. பாடுகின்ற மாணவரும் இல்லை. ‘மனிதா’ என்னும் விளியோ இதனினும் வசதியானது. உலகிலுள்ள எல்லாரையும் அழைப்பது யாரையும் அழையாமைக்கு ஒப்பாகும். குற்றத்தை எல்லார்மீதும் சமமாகத் தூவிவிட்டால், நெகிழிப் பையை வீசிய சிறுவனும் இரவோடு இரவாக ஆற்றில் நச்சுக் கழிவைக் கொட்டியவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். இது பாட்டின் குறை மட்டுமன்று, நீதியின் குறையுமாகும்.

முன்னோர் காட்டிய இரு வழிகள்

இயற்கையைப் பாடும் கலையில் தமிழர்க்கு வழிகாட்டி இல்லாமற் போகவில்லை. நற்றிணையின் 172ஆம் பாடலை நினைவுகூர்வோம். விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துவிட்ட விதை முளைத்துப் புன்னையாக வளர்கிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த அம்மரத்தை, உனக்கு உடன்பிறந்தவள் என்கிறாள் தாய். அதனால் அந்நிழலில் நின்று தலைவனோடு நகைத்துப் பேச நாணம் வருகிறது. ‘மரத்தைக் காப்பீர்’ என்று அங்கே யாரும் ஆணையிடவில்லை. ஆனால், அப்பாடலைக் கற்ற மாணவர் ஒரு மரத்தின் மீது கோடரி விழக் காணும்போது ஒரு கணமேனும் தயங்குவார். புன்னை என்னும் பெயரும், ஒரு குடும்பத்தில் அதற்கு இருந்த இடமும் செய்த வேலை அது.

அவ்வாறாயின் ஏவலே கூடாதா என்று கேட்கலாம். கூடும். புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பேசுகிறார். நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்பது அவர் கூற்று. அது முற்றிலும் அறிவுரையே. ஆயினும் அது பாட்டாக நிற்கிறது. ஏன்? அவர் ‘மனிதா’ என்று காற்றை நோக்கிக் கூவவில்லை. நீர்நிலை அமைக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளதோ அவன் முன்னிலையில் நின்று, செய்யவேண்டிய செயல் இன்னதென்று சொல்கிறார். ஏவல் யாருக்கு உரியதோ அவரை நோக்கியதாகவும், செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

நேரிற் காணாத துன்பத்தைப் பாடுவது எவ்வாறு என்பதற்கு பாரதியார் வழி காட்டுகிறார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற இந்துப் பெண்களைப் பாடிய அவர், அத்தீவுக்குச் சென்றவர் அல்லர். அதனால் அப்பெண்களின் அழுகையைக் கேட்டிருக்கக்கூடிய காற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார். தாம் பாராததைப் பார்த்ததுபோல் அவர் நடிக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நம் மாணவர்க்கு இதனினும் நெருக்கமான பாடம் வேறு வேண்டுமா?

ஒரு சொல்லைப் பற்றிக்கொண்ட பாட்டு

பழம்பாடல்கள் இருக்கட்டும், இக்காலத்தில் இயலுமா என்று வினவுவோர்க்கு ஒரு சான்று காட்டலாம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. கபேர் வாசுகி இயற்ற, டி. எம். கிருஷ்ணா பாடினார். வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சீர்கெடுவதே அதன் பொருள்.

அப்பாடலின் வலிமை, ‘புறம்போக்கு’ என்னும் ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டதில் இருக்கிறது. நிலவரிக் கணக்கில் புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கிய நிலம்: ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, கடற்கரை முதலியன. அத்தகைய சொல் காலப்போக்கில் ஒருவனை இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று. பொதுநிலத்தின் மதிப்பு வீழ்ந்த வரலாறு அச்சொல்லின் பொருள் வீழ்ந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. பாடல் அவ்வசைச் சொல்லை எடுத்து மீண்டும் உரிமைச் சொல்லாக்குகிறது. இராகமாலிகையாக அமைந்த கருநாடக இசையில் சென்னை மக்களின் பேச்சுமொழி ஒலிப்பதைச் சிலர் விரும்பாதிருக்கலாம். ஆனால் அந்த ஊரின் துன்பத்தை அந்த ஊரின் மொழியே சொல்லியது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் கண்முன் கிடக்கும் பொருள்

எண்ணூரைப் பாட நம் மாணவர்க்குத் தேவையில்லை. பாடவேண்டிய பொருள் இந்நாட்டிலேயே, அவர்கள் வாழ்விலேயே உள்ளது.

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுக் காற்றால் மூச்சுத் திணறியவர்களுள் பள்ளி மாணவர் பலர். அப்பகுதியில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல மாநிலங்களிலும் பள்ளிகள் அடைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ரவாங் பகுதியில் சுங்கை கோங் மாசுபட, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் வீடுகளின் குழாய்கள் வறண்டன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பை வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் கூரைமீதும் மேல்மாடியிலும் படகுக்காகக் காத்திருந்தனர்.

இவற்றை நம் மாணவர்கள் நாளிதழில் படித்து மட்டும் அறிந்தவர்கள் அல்லர். பலர் அந்த வாளியைத் தூக்கியவர்கள். சேற்றில் நனைந்த பாடநூலை வெயிலில் உலர்த்தியவர்கள். அத்தகைய மாணவரை மேடையேற்றி ‘மாசில்லாத உலகைப் படைப்போம்’ என்று பாடச் செய்கிறோம். அவரிடம் இருப்பதை வாங்காமல், இல்லாததைத் தரச்சொல்லிக் கேட்கிறோம்.

சமுதாயத் தலைப்புகளில் நிலைமை மேலும் வருந்தத்தக்கது. மதுவை எதிர்த்து எழும் பாடல்கள் பெரும்பாலும் குடிப்பவரைப் பழிக்கும் பாடல்களாகவே முடிகின்றன. பாடுவோருள்ளும் கேட்போருள்ளும் அத்தகைய தந்தையரின் பிள்ளைகள் இருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பிள்ளைக்குத் தந்தை வெறும் குடிகாரர் அல்லர். தோளில் தூக்கிச் சென்றவருமாவார். அன்பும் அச்சமும் கலந்த அவ்வுள்ளத்தை ஒரு பாட்டுத் தொடுமாயின், நூறு வசைகள் செய்யாததை அது செய்யும். தொடாவிடின், தன் வீட்டை மறைத்துப் பிறர் வீட்டைப் பழிக்கும் பழக்கத்தையே நாம் கற்பித்தவராவோம்.

மெட்டும் சொல்லும்

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். திரைப்பட மெட்டில் சொற்களை நிரப்புவது இன்று பெருவழக்காயிற்று. மெட்டு தெரிந்திருப்பது தொடக்கநிலை மாணவர்க்கு உதவியே. ஆனால், மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து ‘மரம்’ என்பது ‘மராம்’ என்று ஒலிக்கக் கேட்கிறோம். மேலும், காதலுக்கென அமைந்த மெட்டு ஆற்றின் சாவைப் பாடும்போதும் காதலையே நினைவூட்டிக் கொண்டிருக்கும்.

‘சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு’, ‘மறுசுழற்சி நடவடிக்கை’ போன்ற தொடர்கள் கட்டுரைக்கு உரியவை. வல்லொற்று மிகுந்து நீண்டு செல்லும் இத்தொடர்கள் பாட்டின் நடையில் தடுக்கி விழும். ஆறு, மீன், சேறு, நாற்றம், இருமல் என்னும் சிறு சொற்கள் எளிதில் பாட்டாகும்.

கும்மி, சிந்து, தெம்மாங்கு, தாலாட்டு என எத்தனையோ வடிவங்கள் நம்மிடம் உள்ளன. பால்மரக் காட்டில் வேலை செய்த நம் பாட்டிமார் தம் துயரத்தை இவ்வடிவங்களிலேயே பாடினர். கும்மியின் ஓசையில் ஒரு மாணவர் இவ்வாறு தொடங்கலாம்:

தூண்டில் எடுத்துத் தாத்தா நின்ற
துறையில் இன்று விராலும் இல்லை;
தாண்டிக் குதித்த கால்வாய்த் தண்ணீர்
தார்போல் கறுத்துக் கிடக்கு தடி!

இது உயர்ந்த கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதில் ஒரு தாத்தா இருக்கிறார். ஒரு மீன் இருக்கிறது. அன்றும் இன்றும் இருக்கின்றன. ‘காப்போம்’ என்னும் சொல் இல்லாமலே காக்கவேண்டியது எதுவென்று விளங்குகிறது. இறுதியில் வரும் பேச்சுவழக்கு கும்மிக்கு உரிய உரிமை; அதனைப் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கலாகாது.

ஆசிரியரும் நடுவரும் செய்யத்தக்கன

இக்குறைகளுக்கு மாணவரைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. நாம் எதற்குப் புள்ளி வழங்குகிறோமோ அதையே அவர்கள் எழுதுகின்றனர். கருத்து, மொழி, இசை, படைப்பு எனப் புள்ளிகளைப் பகிரும்போது, ‘கருத்து’ என்பதை அறிவுரையின் அளவு என்றே பல நடுவர்கள் கொள்கின்றனர். அதன் அருகே ‘தாமே கண்டறிந்த செய்தி’ என்று ஒரு கூறினைச் சேர்த்து அதற்கும் புள்ளி வழங்கினால், அடுத்த ஆண்டே பாடல்களின் முகம் மாறும்.

ஆசிரியர் செய்யத்தக்கது எளியது. எழுதத் தொடங்குமுன் மாணவரை அருகிலுள்ள ஓடைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். அல்லது வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய நிலைமையைக் கேட்டுவரச் சொல்லுதல் வேண்டும். கண்டவை, கேட்டவை, முகர்ந்தவை எனப் பத்துப் பெயர்ச்சொற்களைக் குறித்துவந்த பின்னரே வினைச்சொல்லுக்குப் போகலாம். எழுதிய பின், மாணவரின் வரியை அழித்து நம் வரியை எழுதும் ஆசையை அடக்குதல் வேண்டும். ஆசிரியரின் வரிக்குக் கிடைக்கும் பரிசு, மாணவர்க்குத் தம் சொல் போதாது என்னும் எண்ணத்தையே வளர்க்கும்.

இவ்வாறு ஊர்ச் செய்திகளைப் பாடவிட்டால் வீண் வம்பு வருமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. பள்ளிக்கு அதன் எல்லைகள் உண்டு. ஆனால், குற்றவாளியின் பெயரைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆற்றின் பெயரைச் சொல்வதும், அதில் மீன் இல்லை என்று சொல்வதும் மாணவரின் உரிமை. பத்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்றும் கேட்பர். வானளாவிய சொற்களை விட, கண்ட மீனைச் சொல்வதே அவ்வயதுக்கு எளிது.

தமிழைப் பரிசு மேடைக்குரிய மொழியாக மட்டும் மாணவர்க்குக் கற்பித்தோமாயின், மேடையை விட்டு இறங்கியதும் அவர்கள் அதனையும் இறக்கி வைத்துவிடுவர். தம் வீட்டு வெள்ளத்தையும் தம் ஊர்ப் புகையையும் தமிழில் சொல்ல முடியும் என்று ஒருமுறை அறிந்த மாணவரோ, பரிசு கிடைக்காவிடினும் தமிழைக் கைவிடார். அடுத்த போட்டிக்கான தலைப்பை அறிவிப்புப் பலகையில் எழுதும் ஆசிரியர்கள், ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்பதற்கு மாற்றாக ‘எங்கள் ஊர் ஆறு’ என்று எழுதிப் பார்ப்பார்களாக.