பாட்டி வீடும் பாட்டி வேலையும்

தீபாவளிக்கு முதல் நாள் விடியலில், திருப்பூரிலிருந்து வரும் பேருந்துகள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். புதுத்துணிப் பையோடு வாசலில் நிற்கும் அம்மாவைக் கண்டதும் மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்றுதான் நாம் நினைப்போம். அதுவோ அப்பத்தாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. "அம்மாடா, போன்ல பேசுவியே, அந்த அம்மா" என்று அப்பத்தா சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் தயக்கம் தெளிந்து மடியில் ஏறி உட்காரும்போது, அம்மாவுக்குத் திரும்பிப் போகிற பஸ் வந்துவிடுகிறது.

அப்பத்தாவிடம் இவ்வளவு ஒட்டுதலா என்று மகிழலாம். பெற்றவளிடம் இவ்வளவு விலகலா என்று வருந்தலாம். இரண்டும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருபவை. பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டு வளர்க்கும் அந்த ஏற்பாட்டைப் பாசம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடாமல் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பலம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த வீடுகளில், அதே பெயர் வைத்த பிள்ளையைக் கூப்பிட இன்னொரு பெயர் தேட வேண்டி வந்தது. பேரனை 'என்னைப் பெத்த ராசா' என்றும், பேத்தியை 'ஆத்தா' என்றும் கொஞ்சுவதில், போன தலைமுறையே திரும்பி வந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் கலந்திருக்கிறது.

இது வெறும் உணர்ச்சி சார்ந்த விஷயமும் இல்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவரது சகாக்களும் ஆய்வு செய்தார்கள். தாய் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில், மூத்த பிள்ளையின் வளர்ச்சி பாட்டி தோண்டி வரும் கிழங்கோடு தொடர்புபட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் மனிதப் பெண் நெடுங்காலம் வாழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் 1990களில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நம் வீடுகளில் பாட்டி தோண்டித் தரும் கிழங்கு, நேரம். ஒரு வாய் ரசஞ்சோற்றுக்கு ஒரு காக்கை, ஒரு நாய், ஒரு நிலா என்று முக்கால் மணி நேரம் சோறூட்ட அலுவலகம் போகிற தாயால் முடியாது. சித்தப்பா யார், பெரியம்மா யார் என்ற உறவுமுறையும், விடுகதையும், ஊர்ப் பேச்சும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பிள்ளைக்குள் இறங்குகின்றன. அப்பா அடிக்க வந்தால் ஓடி ஒளிய ஒரு மடி இருக்கிறது என்ற தைரியமும் சின்ன விஷயமில்லை.

இனி குறைகள். எல்லோரும் சொல்வது, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள் என்பது. இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் மருத்துவ விஷயம் அப்படியல்ல. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதென்று தேன் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். முழங்கால் வலியோடு பிள்ளை பின்னால் ஓட முடியாத பாட்டிக்கு செல்போன்தான் துணை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குப் பிறகு நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதைக் கடைப்பிடிக்க அவளுக்கு யார் உதவுகிறார்கள்?

அதைவிடப் பெரிய குறை, பிரிவு. ஐந்து வயதில், 'இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கணும்' என்று பிள்ளையைத் திருப்பூருக்குக் கூட்டிப்போகிறார்கள். பெற்றவளிடம் திரும்பியதாகப் பெரியவர்கள் கணக்கு. பிள்ளையின் கணக்கில், தன்னை வளர்த்தவளை விட்டு ஒற்றை அறை லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே அழுதால் "உங்க அம்மா கெடுத்து வச்சிருக்காங்க" என்று கணவனிடம் மனைவி சொல்ல, சண்டை தொடங்குகிறது.

மூன்றாவது, பாட்டியின் உடம்பு. இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 12 கிலோ. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பவளுக்குச் சம்பளமில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. படித்த வீடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் அம்மா ஆறு மாதம், அவர் திரும்பியதும் மாமியார் ஆறு மாதம் என்று முறைவைத்துப் போகிறார்கள். ஊரில் தாத்தா தனியாகத் தோசை சுட்டுச் சாப்பிடுகிறார். 'பேரனைப் பார்க்கப் போயிருக்கிறாள்' என்றுதான் பேச்சு. வேலைக்குப் போயிருக்கிறாள் என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளையை விட்டுப் போகும் பெற்றோரைக் குற்றவாளியாக்கவும் முடியாது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. எந்த அங்கன்வாடியும் அதுவரை திறந்திருக்காது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. ஐம்பதைத் தொடாத சிறு யூனிட்டில், கான்ட்ராக்டில் தைக்கிற பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் காப்பகம் எட்டாது. காப்பகம் இல்லாத இடத்தை அப்பத்தா நிரப்புகிறாள். முதலாளிக்கும் அரசுக்கும் மிச்சமாகும் செலவு அவள் முதுகில்தான் ஏறுகிறது.

என் தீர்ப்பு இதுதான். பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் உள்ள உறவின் இனிமையே, கண்டிக்கிற கடமை அவளுக்கு இல்லை என்பதில் இருக்கிறது. முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றினால் அவள் இரண்டாவது முறை அம்மாவாகிறாள்; பிள்ளைக்குப் பாட்டி இல்லாமல் போகிறாள். ஆகவே பாட்டி கூட இருக்கட்டும், பெற்றோருக்குப் பதிலாக வேண்டாம். தவிர்க்க முடியாமல் விட்டுப் போகிறவர்கள், திரும்ப அழைத்துக்கொள்ளும்போது ஒரு மாதமாவது அப்பத்தாவையும் சேர்த்து அழைத்து வாருங்கள். பிள்ளை இரண்டு பேரிடமும் ஒரே வீட்டில் இருந்து பழகட்டும். தொழிற்பேட்டைதோறும் ஷிப்ட் முடியும் வரை திறந்திருக்கும் காப்பகம் கேட்டுத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்கட்டும். அதற்கு முன்னால், இன்றிரவு போனில் பேசும்போது, "பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்ட பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா, முடியுதா?" என்றும் கேளுங்கள்.