வேர் வேறு, யூஎஸ்ஆர் வேறா?

1970-களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பிடிபி-11 கணினியின் முதல் வட்டு நிறைந்துபோகவே, இடம் போதாத கட்டளைகள் பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டுக்குக் குடிபெயர்ந்தன. அவ்வட்டு இணைந்திருந்த அடைவின் பெயர் யூஎஸ்ஆர். அதனை இணைக்கும் ‘மவுண்ட்’ கட்டளையே அதற்குள் இருந்தால் காரியம் நடவாதாகையால், தொடக்கத்துக்கு இன்றியமையாதவை மட்டும் வேரடைவில் தங்கின. இடநெருக்கடியில் பிறந்த இவ்வேற்பாடு நாளடைவில் சம்பிரதாயமாகி, பின்வந்தோரால் தத்துவமாகவும் வியாக்கியானம் செய்யப்பட்டது.

லினக்ஸ் சுவீகரித்த அத்தத்துவம் கேட்க அழகானதே: யூஎஸ்ஆர் பழுதுற்றாலும் வேரிலுள்ள சிறு கருவிகளைக்கொண்டு கணினியை மீட்டுவிடலாம் என்பது அதன் சாரம். அனுபவமோ வேறு. சாதனங்களைக் கண்டறியும் யூடெவ், யூஎஸ்ஆர் இணையும் முன்பே அதற்குள்ளிருக்கும் தரவுகளை நாடி, அவை கிடைக்காதபோது வாய்திறவாமலே தவறிவிடும். தொடக்கத்துக்கு எது அவசியம், எது அநாவசியம் என்று ஒவ்வொரு பொதியையும் விசாரித்துத் தீர்ப்பளிப்பதும் முடிவற்ற வேலை. இதற்கிடையே மெய்யான தொடக்கப்பணி இனிட்ராம்எஃப்எஸ் என்பதன் கைக்குப் போய்விட்டது. கெர்னல் நினைவகத்தில் விரிக்கும் அச்சிறு கோப்பமைப்பு, இயக்கிகளை ஏற்றி, குறியாக்கம் செய்த வட்டைத் திறந்து, எல்விஎம் தொகுதிகளைக் கூட்டி, வேரை இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வேரை இணைக்க வல்லது யூஎஸ்ஆரையும் உடனே இணைக்கலாமே! 2012-இல் வெளிவந்த பெடோரா 17 என்னும் லினக்ஸ் வழங்கல் அதைத்தான் செய்து, ‘பின்’, ‘எஸ்பின்’, ‘லிப்’ அடைவுகளை யூஎஸ்ஆருக்குள் அடக்கி, பழைய பெயர்களை வெறும் சுட்டிகளாக விட்டுவைத்தது. ஏற்கெனவே இடிந்த சுவரை இடிந்ததென ஒப்புக்கொண்ட அந்நேர்மையை நான் மெச்சுகிறேன்.

மற்றொரு லினக்ஸ் வழங்கலான டெபியன் நடந்த வழியை அவ்வாறு மெச்ச இயலவில்லை. 2019-இன் பத்தாம் பதிப்பில் புதிய நிறுவல்களுக்கு இச்சேர்க்கையை வழக்கமாக்கி, 2023-இன் பன்னிரண்டாம் பதிப்பில் அனைவர்க்கும் கட்டாயமாக்கிய அவர்கள், கணக்கப்பிள்ளைக்குச் சொல்லாமல் களஞ்சியத்தை இடம்மாற்றியதுபோல், பொதி மேலாளரான டிபிகேஜியை இதற்கு ஆயத்தம் செய்யவில்லை. அதன் ஏட்டில் பழைய பாதையும் புதிய பாதையும் இரு வேறு கோப்புகள். ஆகவே ஒரு கோப்பு பாதை மாறும்போதே பொதியும் மாறினால், பழையதென்று எண்ணிப் புதியதையே அது அழித்துவிடக்கூடும். இவ்வபாயத்துக்கு அஞ்சி, பன்னிரண்டாம் பதிப்பு வெளிவரும்வரை அத்தகைய மாற்றங்களுக்கே தடைவிதிக்க நேர்ந்தது.

பெடோராவின் முறையிலும் ஒரு குறை உண்டு. மீட்புக்கருவிகள் முன்பு வேரில் கண்ணெதிரே கிடந்தன. இப்போது இனிட்ராம்எஃப்எஸ் என்னும் கட்டிச் சுருட்டிய மூட்டைக்குள் இருக்கின்றன. அதில் ஓர் இயக்கி விடுபட்டாலும், பயனர் வந்துவிழும் அவசர முனையத்தில் கைக்கெட்டும் கட்டளைகள் மிகச் சில. ஆகையால், புதிய கெர்னல் ஒருமுறையேனும் செவ்வனே எழும்பும் வரையில், பழைய கெர்னலையும் அதன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் அன்பர்கள் அழித்துவிடலாகாது.