பூட்டைத் திறப்பது எது?

எஸ்கேப் ரூம் என்றதும் பூட்டிய அறை, ஓடும் கடிகாரம், மூலைமுடுக்கெல்லாம் துப்பு தேடும் ஒரு கும்பல், இவ்வளவுதான் நினைவுக்கு வரும். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் டக்காவோ காட்டோ தொடங்கிவைத்த இந்த விளையாட்டை, பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் க்வியாட் இயற்பியலுக்கு இழுத்துவந்தார். அவருடைய ‘லேப்எஸ்கேப்’ அமைந்தது வகுப்பறையில் அல்ல, அர்பானா நகரத்துக் கடைவளாகத்தில். இயற்பியல் தெரியாதவர்களும் வரலாம் என்பதுதான் அழைப்பே.

அத்தகைய அறையை ரசிக்க ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். தணிகை மலைக்கு எத்தனை படி என்று ஒரு பூட்டு கேட்டால், திருத்தணிக்காரர் யோசிக்காமல் 365 என்று திருப்பிவிடுவார், வெளியூர்க்காரர் விழிப்பார். அது மனிதர் வைத்த குறி. இயற்பியல் புதிருக்கு உள்ளூர், வெளியூர் கிடையாது. இரண்டு போலராய்டு தாள்களை ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் 90 டிகிரி திருப்புங்கள், ஒளி அடைபட்டுப்போகும். இப்போது இரண்டுக்கும் நடுவே மூன்றாவது தாளை 45 டிகிரி சாய்த்துச் செருகினால், இருட்டு விலகிப் பின்னாலிருக்கும் எண் தெரியும். தடுப்பைக் கூட்டினால் வெளிச்சம் வருகிறது! முதல் தாளைத் தாண்டிய ஒளியில் அதிகபட்சம் கால் பங்கு வெளியே வரும் என்பது பிளஸ் டூ பாடத்திலுள்ள மாலஸ் விதியின் கணக்கு. தாளை எடுத்துவிட்டு எண் எழுதிய துண்டுச்சீட்டு வைத்தாலும் புதிர் அப்படியே நடக்குமென்றால், அங்கே இயற்பியல் வெறும் வேஷம்.

கடிகாரம் விரட்டும்போது யார் சிந்திப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான்; அவசரத்தில் கை கண்டுபிடித்துவிடும், காரணம் பிடிபடாது. ஆனால் காரணத்தைத் தேடவைக்கும் வியப்பை அந்த அவசரமே தருகிறது. கரும்பலகையில் முதலில் விதியும் பிறகு சோதனையும் வருவதால், வியப்புக்கு இடமே இருப்பதில்லை. காசுள்ள நகரத்தாரின் பொழுதுபோக்கு என்ற குறை பாதிதான் உண்மை. போலராய்டு தாள், கண்ணாடித் துண்டு, காந்தம், எண்பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருந்தால் திருத்தணிப் பள்ளி வகுப்பறையிலேயே நடத்தலாம். அறையைப் பூட்டவும் வேண்டாம்.

எங்கே விளையாடினாலும், பூட்டு திறந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். நடத்துபவரிடம் கேட்டு, கடிகாரம் இல்லாமல் அதே புதிரை இன்னொரு முறை செய்துபாருங்கள்.