இருபது மணி நேரமும் இருபது லட்சமும்

மல்லாட்டை விளைகிற இரண்டு ஏக்கரின் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் குடும்பங்களைத் திருவண்ணாமலையைச் சுற்றிச் செங்கம், கலசபாக்கம், தண்டராம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று பார்க்கலாம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள். சிட்டா, வில்லங்கச் சான்று, வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் என்று அலைந்து முடித்து, இருபது லட்சத்துக்கு அப்பா கையெழுத்துப் போடுகிறார். அவரைப் போடவைப்பது ஏஜென்ட் சொல்லும் இரண்டு வாக்கியங்கள்: “படிக்கும்போதே பார்ட் டைம் பார்த்துக்கலாம் சார். முடிச்சதும் ரெண்டு வருஷம் ஸ்டே பேக் இருக்கு, லோன் அதுலயே அடைஞ்சிடும்.”

அயல்நாட்டு மாணவருக்கு வேலை கொடுக்கும் வழக்கமே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை பார்க்கும் அனுமதி இல்லாமல் போனால் வெளிநாட்டுப் படிப்பு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே என்றாகிவிடும். வகுப்பறையில் வாய் திறக்கத் தயங்கும் பெண்ணுக்குக் கடைக் கல்லாவில் நின்ற ஆறே மாதத்தில் ஆங்கிலம் சரளமாகிறது. படித்து முடித்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்கக் கிடைக்கும் ‘ஸ்டே பேக்’ அனுமதியின் பயன் இன்னும் பெரிது. அமெரிக்காவில் அறிவியலும் தொழில்நுட்பமும் படித்தவர்களுக்கு ‘ஓபிடி’ என்ற பெயரில் 12 மாதம், அதற்கு மேல் 24 மாதம், படித்த துறையிலேயே வேலை பார்க்க வழி இருக்கிறது. நம் பொறியாளர்களில் எத்தனையோ பேர் அங்கே கால் ஊன்றியது அந்த மூன்று ஆண்டுகளில்தான்.

ஆனால் ஏஜென்ட் சொல்லும் கணக்கு உதைக்கிறது. பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். கல்விப் பருவத்தில் பட்டப்படிப்பு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் மாதத்துக்குச் சுமார் 1,058 பவுண்டுதான் தேறும். அதே சமயத்தில், லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் மாதச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை என்று பிரிட்டன் அரசே விசா விதியில் எழுதி வைத்திருந்தது 1,136 பவுண்டு. சோற்றுக்கும் வாடகைக்குமே துண்டு விழும்போது கல்விக் கட்டணத்தை எங்கிருந்து கட்டுவது? இருபது லட்சக் கடனுக்கு இந்த வருமானம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஓராண்டு முதுகலை படிப்பவருக்குக் கோடை விடுமுறையும் கைகொடுக்காது. ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் படிப்புக் காலத்தில் சேர்த்தி என்பதால் அப்போதும் இருபது மணி நேரம்தான்.

மாதத் தவணையோ வட்டியோ நெருக்கும்போது இருபத்தோராவது மணி நேரம் வருகிறது. இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. வரம்பு மாணவர் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. மீறினால் விசா போவது அவருக்கு. அவரை அதிக நேரம் வேலை வாங்கிய முதலாளிக்கோ, அந்த மீறலே மாணவரை மிரட்டும் ஆயுதமாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2015ஆம் ஆண்டு செவன் இலெவன் கடைகளில் அம்பலமானது இதுதான். மாணவர் 40 மணி நேரம் உழைப்பார், ஏட்டில் 20 மணி நேரம்தான் ஏறும், கூலியும் அந்த இருபதுக்குத்தான். ஏட்டைப் பார்த்தால் விசா விதியும் சரி, கூலியும் சரி. புகார் செய்யத் துணிந்தவரிடம், “நீ விதியை மீறினாய் என்று குடிவரவுத் துறைக்குச் சொல்லட்டுமா?” என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கடைசியில் அந்த நிறுவனம் ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டு மாணவர்கள். விசா நிலையைக் காட்டி ஊழியரை விதிமீறலுக்குத் தள்ளும் முதலாளியைக் குற்றவாளியாக்கும் சட்டம் அங்கே 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. மணி நேர வரம்பு வைத்திருக்கும் எல்லா நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும். முதலில் கூலியைக் கொடு, பிறகு விசாவைப் பேசு என்பதுதான் நியாயமான வரிசை.

இன்னொரு குறை, விதிகள் நடுவழியில் மாறுவது. கனடா 2022 நவம்பரில் மணி நேர வரம்பை எடுத்தது, 2024 ஏப்ரலோடு அந்தச் சலுகையை முடித்தது, அந்த ஆண்டு நவம்பரில் வாரத்துக்கு 24 மணி நேரம் என்றது. பிரிட்டன் 2012இல் மூடிய ஸ்டே பேக்கை 2021இல் திறந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு, ஒன்றரை ஆண்டாகச் சுருங்குகிறது. அடமானத்தில் இருக்கும் நிலத்தின் தவணை மட்டும் சுருங்குவதில்லை.

வெளிநாட்டாரைக் குறை சொல்லும் நாம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘இந்தியாவில் படியுங்கள்’ என்று 2018 முதல் மத்திய அரசு உலகத்தை அழைக்கிறது. 2021-22 கணக்கெடுப்பில் இங்கே படித்த அயல்நாட்டு மாணவர்கள் சுமார் 47 ஆயிரம் பேர். நம் பக்கத்து ஊரான வேலூரின் விஐடியிலும் அவர்களைப் பார்க்கலாம். விசா தேவைப்படாத நேபாளம், பூட்டான் நாட்டவர் கதை வேறு. மற்றவர்களுக்கு இந்திய மாணவர் விசா, படிக்கும் காலத்தில் ஒரு மணி நேர வேலைக்குக்கூட இடம் தருவதில்லை. படித்த பிறகு வேலை விசா வாங்க ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். புதிதாகப் பட்டம் வாங்கிய பொறியாளருக்கு அந்தச் சம்பளத்தை எந்த நிறுவனம் கொடுக்கும்? அந்நிய நாட்டுச் சமையல்காரர்களுக்கும் ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிப்பவர்களுக்கும் இந்த வரம்பிலிருந்து விலக்கு இருக்கிறது. நம் கல்லூரியில் நாமே பட்டம் கொடுத்தவருக்கு இல்லை.

இங்கே படித்தவருக்கு வேலையை மறுப்பதன் கொடுமையை அறிய விமானம் ஏற வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த பிள்ளைகள் மாணவர் விசாவில் வந்தவர்கள் அல்லர், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவரே. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கேட்கும் பெரிய நிறுவனங்களின் வாசலும் அடைத்தே கிடக்கிறது. தமிழக முகாம்களில் பொறியியல் பட்டம் வாங்கியவர்கள் தினக்கூலிக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அவர்களுடைய படிப்புக்கு இந்த மாநிலம் செலவழித்திருக்கிறது, அந்தப் படிப்பை நாமே வீணடிக்கிறோம். இந்தியக் கல்லூரியில் படித்து முடித்த அயல்நாட்டவருக்கு இரண்டு ஆண்டாவது, சம்பள வரம்பில்லாமல், எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்க அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியை முகாம் பட்டதாரிகளிடமிருந்து தொடங்க வேண்டும்.