நீதிபதி எழுதும்போது மனுதாரர் எங்கே?

கே. சந்துருவின் 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' நூலை ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலேயே பாதி படித்தேன். வக்கீல் தோழர் ஒருவரைப் பார்க்க அலைந்த நாட்கள். பொதுச் சுடுகாடு பற்றிய இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எங்க அம்மா ஒரு சுடுகாட்டுப் பாதை வழக்கில் சாட்சி. கூண்டில் ஏறியவளிடம் பாதை எத்தனை அடி என்று கேட்டிருக்கிறார்கள். "பொணத்தத் தூக்கிட்டு நாலு பேரு போற அகலம் சாமி" என்றாளாம். சிரித்தார்களாம். எழுதிக்கொண்டதில் அந்த வாக்கியம் இல்லை, ஓர் எண் இருக்கிறது.

என் குறை இங்கிருந்துதான் வருகிறது. நீதிபதி எழுதினால் சட்டம் பேசுகிறது. மனுதாரர் கையெழுத்தோடு நின்றுவிடுகிறார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பின்னியக்காள் அம்மன் கோயிலில் பூசை செய்யலாம் என்று 2008இல் தீர்ப்பளித்தார். பெரிய தீர்ப்பு, மறுக்கவில்லை. அடுத்த நாள் அந்த அம்மா கருவறைக்குள் போனபோது ஊர் எப்படிப் பார்த்தது? அதை யார் எழுதுவது?

இடதுசாரி மாணவர் இயக்கம், 1976இலிருந்து வக்கீல் தொழில், 2006 முதல் 2013 வரை உயர்நீதிமன்றம், ஏறத்தாழ 96,000 வழக்குகள். 'மை லார்ட்' வேண்டாம் என்றவர். சத்துணவு மையப் பணியிடங்களில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற அவர் தீர்ப்பு, நம் பெண்கள் சமைத்ததை ஊர்ப்பிள்ளைகள் தின்ன வேண்டும் என்பதுதான். அம்பேத்கரை மாலை போட்டு ஓரங்கட்டாமல், தீர்ப்புக்குள் கொண்டுவந்து வைத்தவர். அதனால்தான் அவரிடம் கூடுதலாகக் கேட்கத் தோன்றுகிறது. மற்றவர்களிடம் கேட்க என்ன இருக்கு!

1993இல் ராஜாக்கண்ணுவுக்காக ஆட்கொணர்வு மனு போட்டவரும் அவர்தான். 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் இருளரானார்கள், வக்கீல் நாயகனானார். விடாமல் போராடிய பார்வதி இல்லாமல் அங்கே ஏது வழக்கு?

நாங்குநேரியில் 2023இல் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவும் சந்துருதான். 2024இல் தந்த அறிக்கை, பள்ளியில் சாதிக் கயிறு கட்டத் தடை கேட்கிறது. என் தங்கச்சி மகன் ஒன்பதாம் வகுப்பு. "எங்கையில கயிறு இல்ல மாமா, அதவச்சே கண்டுபிடிச்சிருறானுக" என்றான் ஒருநாள். பரிந்துரையை அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"எல்லாரும் கழட்டுனா சரிதான். மொதல்ல யாரு கழட்டுவா?"