கதை பாடாத கொடை

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் கொட்டியது. எட்டு மாதம் கழித்து, நவம்பர் 3 அன்று, இஷிரோ ஹோண்டாவின் ‘கோஜிரா’ (காட்ஸில்லா) திரைக்கு வந்தது. ஹோண்டா குழுவினர் எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்துவிடவில்லை. ‘கிங் காங்’ (1933) அவர்களுக்கு முன்னோடி. குண்டுச் சோதனையில் விழித்தெழும் மிருகம் என்ற எண்ணமே 1953-இல் ஹாலிவுட் எடுத்த படத்திலிருந்து வந்ததுதான். உடம்பு இரவல், பயம் மட்டும் சொந்தம். பழைய ராட்சத மிருகப் படங்களுக்கு ஏக்கத்தோடு மரியாதை செய்ய வரும் இன்றைய படங்களை இதைக்கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. முன்னோடிப் படத்திடம் பட்ட கடன் மிருகத்தின் தோலுக்கும் பல்லுக்கும் உரியதல்ல, அதைப் பெற்ற அச்சத்துக்கு உரியது.

மரியாதைப் படங்களின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கியெர்மோ டெல் டோரோ ‘பசிஃபிக் ரிம்’ (2013) படத்தை, பழைய மிருகப் படங்களின் தந்திரக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹாசனுக்கும் ஹோண்டாவுக்கும் வெளிப்படையாகச் சமர்ப்பித்தார். சுட்டதை மறைக்கிறவர் அதைச் செய்யமாட்டார். அவருடைய ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ (2017) இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1954-இன் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ நீர்வாழ் ஜந்துவை நாயகியின் பின்னால் நீந்தவிட்டு, கடைசியில் துப்பாக்கியால் கணக்குத் தீர்த்தது. டெல் டோரோ அதே சாயலுள்ள ஜந்துவை, 1962-இன் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் பேச்சற்ற பெண்ணின் கையில் கொடுத்தார். பழைய படத்தின் முன் கைகட்டி நிற்காமல் அதோடு வழக்காடுகிற மரியாதை இது. தமிழில் சக்தி சௌந்தர் ராஜனின் துணிச்சலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘மிருதன்’ (2016), ‘டிக் டிக் டிக்’ (2018), ‘கேப்டன்’ (2022) என்று நம் திரை தொடத் தயங்கிய வகைகளாகப் பார்த்துத் தொட்டவர் அவர். ஆனால் ‘கேப்டன்’ எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். ‘பிரிடேட்டர்’ (1987) பார்த்தவருக்குக் காடு, ராணுவக் குழு, மறைந்திருந்து தாக்கும் மிருகம் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. வியட்நாமில் அடிபட்டுத் திரும்பிய ஒரு தேசம், எத்தனை ஆயுதம் இருந்தும் காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத எதிரியிடம் தோற்ற நினைவு ‘பிரிடேட்டர்’ படத்தின் அடியில் கிடந்தது. அந்த இடத்தில் நம்முடைய எதையும் ‘கேப்டன்’ வைக்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கடனை விளக்கக் கோட்பாட்டுப் புத்தகம் தேவையில்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு வெறுமனே சாமியின் பெருமையைப் பாடிக் கலைவதில்லை. சாமியாகும் முன் மனிதராக இருந்தவர் யாரால், எதற்காக மாண்டார் என்ற கதையையும் பாடுகிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்குக் காணிக்கை செருப்பு. பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணப்பதற்காகச் செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்றவன்; மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். நா. வானமாமலை பதிப்பித்த அந்தக் கதைப்பாடல் தெரிந்தவருக்கு அது ஏன் செருப்பு என்று தெரியும். ஏக்கப் படங்கள் பல, கதையைப் பாடாமல் செருப்பை மட்டும் வைத்துவிட்டு வருகின்றன. இதே மண்ணின் புதுமைப்பித்தன் தழுவலைக் காட்டமாகச் சாடியவர் (அவர் கதைகள் சிலவற்றின் மேலேயே மாப்பசான் தழுவல் என்ற வழக்கு உண்டு, அது கிடக்கட்டும்). மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனை அவர் ‘பிரேத மனிதன்’ என்று மொழிபெயர்க்கத்தான் செய்தார். அயல் மிருகம் தமிழுக்கு வருவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

நம் படங்களில் ‘கோஜிரா’வுக்கு மிக அருகில் போய்த் திரும்பியது ஷங்கரின் ‘2.0’ (2018). எல்லோர் கையிலும் இருக்கும் செல்போன்கள் பறந்துபோய் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகின்றன. கோபுரத்தில் தூக்கிட்டுச் சாகும் பறவையியலாளரின் ஆத்திரம் அதற்கு உயிர். வெளியீட்டுக்கு முன்பே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்தது என்றால் அம்பு எங்கோ தைத்திருக்கிறது. செல்போன் கோபுரம் பறவைகளைக் கொல்கிறது என்பதற்கு அறிவியல் நிரூபணம் இல்லை என்ற குறை எனக்குப் பெரிதல்ல. கோஜிராவின் உயிரியலும் பரீட்சையில் தேறாது. பெரிய குறை, பின்கதை முடிந்ததும் அந்த ஆத்திரத்தை மறந்து, நாயக ரோபோ சிட்டியின் பலத்தைக் காட்ட அடிவாங்கும் பொம்மையாகப் பறவை ஆகிவிடுவது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் வீட்டோர மரங்களில் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994-இல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்பே இருந்த உறவு அது. அப்படியொரு உறவின் சுவடு படத்தில் எங்காவது இருந்திருந்தால், பறவை தோற்கும்போது அரங்கம் கைதட்டத் தயங்கியிருக்கும்.

பொழுதுபோக்குப் படத்திடம் இவ்வளவு கேட்பது அநியாயம் என்பார்கள். பயத்தைக் கேட்டால் களிப்பு குறையும் என்ற கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. தகாஷி யமசாகியின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023) அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. தற்கொலைத் தாக்குதலிலிருந்து தப்பி வந்த விமானியின் குற்றவுணர்வைச் சுற்றிப் பின்னிய படம்; மிருகம் கப்பலைத் துரத்தும் காட்சிகளில் விறுவிறுப்புக்கும் பஞ்சமில்லை. பணமில்லை என்ற சமாதானமும் அரைகுறைதான். ‘கிங் காங்’ பாணியில் பொம்மையை அசைத்து அசைத்துப் படமெடுக்க அவகாசம் இல்லாமல்தான் ‘கோஜிரா’வின் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா ஓர் ஆளைக் கனத்த உடைக்குள் இறக்கினார். அந்தப் பாரமே கோஜிராவின் நடையானது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ (1952) படத்தில் யானைகளுக்கு ரோமம் மாட்டி மாமத் ஆக்கினார்கள். சிரிப்பு வரும், ஆனாலும் கையில் இருந்ததை வைத்துச் செய்த காரியம். இல்லாமல் போவது பணத்தைவிட அதிகமாகப் பார்வைதான். 2011-இல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரையில் மீனவர்கள் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராகப் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. உலை வேண்டும் என்பவர் வேண்டாம் என்பவர் எவராயினும், ‘கோஜிரா’வைப் பெற்ற அதே அச்சம் திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரத்தில் இருந்ததை மறுக்க முடியாது. ‘கேப்டன்’ படத்தின் நம் மிருகம் அந்தக் கடலை விட்டுவிட்டு வடகிழக்குக் காட்டுக்குப் போனது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏங்குவதற்குத் தமிழருக்குச் சொந்தப் பழம்படம் ஏது, டப்பிங்கில் தமிழ் பேசிய ‘அனகோண்டா’தானே நம் பால்ய நினைவு? பாதி உண்மை. மீதிப் பாதிக்கு 1963-இன் ‘கலை அரசி’ இருக்கிறது. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டில், வேற்றுக்கிரகத்தார் இறங்கி வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். அவர்கள் உலகத்துக்குக் கலை கற்றுத்தர ஆள் வேண்டுமாம். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போகிறார். தொழில்நுட்பத்தில் பின்தங்கிய ஒரு நாடு தன் பாட்டை நினைத்துத் தேறுதல் கொள்ளும் வேடிக்கையான, ஆனால் முழுக்க முழுக்க நம்முடைய கற்பனை. ஆர். ரவிக்குமாரின் ‘அயலான்’ (2024) சாயலில் ‘ஈ.டி.’யின் பிள்ளை. ஆனால் லாபத்துக்காகப் பூமியைத் துளைக்கும் நிறுவனத்தையும் அதை எதிர்த்து நிற்கும் விவசாயியையும் வைத்ததால், குழந்தைத்தனம் தூக்கலாக இருந்தும், ‘கேப்டன்’ தொடாததைத் தொடுகிறது. அன்று பாட்டுக்காக வந்தவர்களிடம் பறிபோக நமக்கு ஒரு கலை இருந்தது. இன்று வருகிறவன் நம் காலடி மண்ணைக் காப்பாற்றித் தர வேண்டியிருக்கிறது. இந்த அறுபதாண்டு இடைவெளியில் ஒரு நல்ல திரைக்கதை கிடக்கிறது. அதை எழுத ‘ஈ.டி.’யை அறிந்த அளவுக்குக் ‘கலை அரசி’யையும் அறிந்திருக்க வேண்டும்.