‘குமர்’ என்னும் சொல்: பொருளும் பிறப்பும்

மாத்தளை மாவட்டத்து முதியோர் பேச்சில் ‘குமர்’ என்னும் சொல் மணப்பருவம் எய்தியும் மணமாகாதிருக்கும் பெண்ணைக் குறிக்கும். முஸ்லிம்களிடையே ‘குமர் காரியம்’ என்பது அத்தகைய பெண்ணின் திருமணத்தைச் சுட்டும். தமிழகத்துப் பேச்சிலும் அதன்வழி வந்த தோட்டத் தமிழர் பேச்சிலும் இது ‘கொமரி’ என ஒலிக்கும். உடம்பு ‘ஒடம்பு’ ஆவது போன்ற திரிபே இது.

இச்சொல்லின் பிறப்புப் பற்றி இரு கருத்துக்கள் உள. திரட்சிப் பொருள் தரும் ‘கும்’ என்னும் அடியிற் பிறந்த தமிழ்ச்சொல் என்பர் ஒரு சாரார். ஆயின் ‘குமார’ என்னும் வடிவம் இருக்கு வேதத்திலேயே வழங்குகின்றது. ஆதலின் வடசொல் வழி வந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். எனினும், அக்காரணம் பற்றி இதனை அயற்சொல் என ஒதுக்குதலும் தவறாம். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் தென்னெல்லையாகக் குமரியைச் சுட்டுகின்றது. கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் குமரித் துறையையும் அங்கு நீராடிய பெண் தெய்வத்தையும் குறிப்பிடுகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் தமிழில் வேரூன்றிய சொல் இது.

‘குமர் இருக்கிறது’ என அஃறிணை முடிபு பெறுவது கொண்டு, பெண்ணைப் பொருளாக மதித்தமைக்கு இதுவே சான்று என வாதிடல் கூடும். அவ்வாதம் நிரம்பாது. இளமை, பெண்மை, மகவு, குழவி முதலியன உயர்திணைப் பொருளைக் குறிப்பினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதிக்கின்றது. ‘குழந்தை சிரிக்கிறது’ என்கையில் நாம் குழந்தையை இழிவுபடுத்துவதில்லை. இழிவு முடிபில் இல்லை. சொல்லோடு சேர்ந்து வரும் வினையில் உள்ளது. குமரைக் ‘கரைசேர்க்க’ வேண்டும் என்கின்றோம். பெண் ஒரு சுமை, பெற்றோர் அதனை இறக்கிவைப்போர் என்னும் கருத்து அவ்வினையிலேயே பொதிந்துள்ளது. சீதனக் கொடுமையின் சுவடு அது.

இதே சொல்லடியைக் கண்டிச் சிங்களவர் வேறுவகையிற் போற்றினர். பிரதானிகள் குடும்பத்துப் பெண்டிர்க்கு ‘குமாரிஹாமி’ என்பது மதிப்புப் பெயர். மணமாகி மக்களையும் பெற்று, 1814இல் கண்டியில் கொல்லப்பட்ட எகலப்பொல குமாரிஹாமி இன்றும் அப்பெயராலேயே நினைவுகூரப்படுகின்றார். குமரிமுனையில் மணமின்மை தெய்வ ஆற்றலாகப் போற்றப்படுகின்றது. நம் இல்லங்களிலோ அது கவலையாயிற்று.

ஆகவே குமர் என்பதற்குக் ‘கன்னி’ எனப் பொருளெழுதி அமைதல் அகராதிக்குப் போதாது. அச்சொல் எவ்வெவ்வினைகளோடு வழங்குகின்றது என்பதையும் பதிதல் வேண்டும். சொல்லின் வரலாற்றுக்குப் பிறப்பு ஒரு பாதியே. மறுபாதி அதனை வழங்கிய சமூகத்தின் வரலாறாகும்.